அக்காவின் மகரத்தை ஏழாக நறுக்கியவர்கள்

இரண்டு மணி நேரத்தை ஏழால் வகுத்தால் பதினேழு நிமிடம், சொச்சம். ஒண்டிக்கடை என்கிற எங்கள் மலைச் சந்திப்பில், ரீசார்ஜ் கடை மாடியில், ஜோசியர் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இந்த வகுத்தலை மனசுக்குள் முடித்த நொடியில்தான் எனக்கு அது உறைத்தது. எங்கள் மலையில் பதினேழு நிமிடத்துக்குள் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஒரு பிறந்த நேரம் எவருக்குமே கிடையாது. சிரிப்பு வந்தது. பக்கத்தில் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஜோசியர் அப்போதுதான் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார். ஓலைச்சுவடி, சோழி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். லேப்டாப், பிரிண்டர், பிரிண்டருக்கு நெற்றியில் ஒரு சந்தனப்பொட்டு. அக்காவின் பிறந்த தேதியையும் நேரத்தையும் அவர் தட்ட, சாம்பிராணிப் புகையில் இருமி இருமி அது ஒரு தாளைத் துப்பியது. எல்லோர் வீட்டு பீரோவிலும் கிடக்கிற ராசிக் கட்டம் அல்ல இது. ஒரு ராசி கிழக்கே உதித்து முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அந்த ராசியை ஏழு துண்டாக நறுக்கி, குழந்தை பிறந்தபோது எந்தத் துண்டு உதித்துக்கொண்டிருந்தது என்று பார்த்து, அதை முதல் வீடாக வைத்துப் போடுகிற தனிக் கட்டம். சப்தாம்சம் என்று பெயர். பிள்ளை, பேரன், வம்சம் எல்லாம் அதில்தான் எழுதியிருக்குமாம்.

"அஞ்சாமிடந்தானுங்க கொழந்தை. அந்த எடத்துல சனியும் கேதுவும் சேந்து உக்காந்திருக்குது. பொம்பள ஜாதகத்துல இப்பிடி இருந்தா கொஞ்சம் செரமந்தானுங்க" என்றார், அக்காவைப் பார்க்காமல் அக்காவின் மாமியாரைப் பார்த்து. காசு கொடுப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதும் அந்த சாஸ்திரத்தில் ஒரு விதி போல.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை அந்தத் தாளைப் பத்திரமாக நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோர்ட்டில் தீர்ப்பு நகல் வாங்கியவர் முகம். கீழே வேனுக்குள் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டூரிஸ்ட்களை லேடீஸ் சீட் என்கிற காட்சி முனைக்கும் கோயிலுக்கும் ஏற்றிப் போகிற வேன். அதை ஓரங்கட்ட இடமில்லை என்ற காரணம் சொல்லி அவர் ஒருநாளும் அந்த மாடிப்படி ஏறியதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் யானையையே கட்டிவைக்கிற அளவுக்கு இடம் இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம். அக்காவுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. போன வருஷம் அவளும் நானும் யாருக்கும் சொல்லாமல் சேலம் போய் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம். ரத்தம், ஸ்கேன், அது இது எல்லாம் எடுத்துவிட்டு, அவளிடம் குறை ஒன்றுமில்லை, இனி வீட்டுக்காரர் வந்து ஒரு டெஸ்ட் கொடுக்க வேண்டும், ஊசிகூடக் கிடையாது, காலையில் வந்து மத்தியானம் போய்விடலாம் என்றார் டாக்டர். தாமதிக்காதீர்கள், வயசு போய்க்கொண்டிருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னாள். எனக்கென்ன கொற என்று கேட்டுவிட்டு மாமா வேன் கழுவப் போனார். அவர் சங்கடப்படும்போதெல்லாம் அந்த வேன் பளபளக்கும். அத்தை, முதலில் ஜாதகம் பார்ப்போம், அப்புறம் ஆஸ்பத்திரி என்றார். பார்த்தாயிற்று. இப்போது ஜாதகமே குற்றவாளி இன்னார் என்று கையைக் காட்டிவிட்டது. அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி?

சேர்வராயன் கோயில் திருவிழா வரைக்கும் பார்ப்பது, அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கீழே ஓமலூர்ப் பக்கம் பார்த்துவைத்திருக்கிற ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவது என்று அத்தை தன் தங்கையிடம் போனில் பேசியதை அக்காவே கேட்டிருந்தாள். அப்போது மாசி மாதம். திருவிழாவுக்கு அதிக நாள் இல்லை. மாமா ஒருநாள் காலையில் கீழே இறங்கிப் போய் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தால் தீர்கிற விஷயம், இரண்டு கிரகத்தின் தலையிலும் என் அக்காவின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

நான் கணக்குப் படித்தவள். படித்துவிட்டு பெங்களூரில் ஒரு வேலை, சேலத்தில் ஒரு வேலை, இரண்டையும் விட்டுவிட்டு இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன், சிக்னல் இருக்கிற நேரத்தில். ஒரு விஷயத்தில் பித்துப் பிடித்தால் அதன் அடிவேர் வரை தோண்டாமல் எனக்குச் சோறு இறங்காது. போன வருஷம் காளான். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் எஸ்டேட் பறவைகளின் சத்தத்தையெல்லாம் போனில் பதியப் போக, எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் என்னை மந்திரிக்கச் சொல்லி அம்மாவுக்கு யோசனை சொன்னார்கள். இந்த வருஷம் சப்தாம்சம்.

சொல்லக் கூசவில்லை, கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஒற்றை ராசியானால் ஏழு துண்டையும் அந்த ராசியிலிருந்தே எண்ண வேண்டும். இரட்டை ராசியானால் அதற்கு ஏழாவது ராசியிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா தை மாதம் சூரியன் உதிக்கிற நேரத்தில் பிறந்தவள், மகர லக்னம், மகரம் இரட்டை, ஆகவே கடகத்தில் தொடங்கி எண்ணு. யாரோ ஒரு காலத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்து, விரல் விட்டு, பொறுமையாக யோசித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெண்களைத் தரம் பிரிக்கிறவர்கள் மேல்தான்.

புத்தகங்களையும் புரட்டினேன். ஒரு புத்தகம் முதல் குழந்தைக்கு ஐந்தாம் வீடு என்றது. இன்னொன்று, இரட்டை ராசி லக்னமானால் பின்பக்கமாக எண்ணு, அப்போது ஒன்பதாம் வீடு என்றது. மூன்றாவது, இரண்டையும் பார்த்துத் தெய்வ அருளால் முடிவு செய்க என்றது. பரீட்சையில் இப்படி எழுதினால் எங்கள் கல்லூரியில் தாளை விட்டெறிவார்கள். ஆனாலும் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கட்டம் வரும். ஜோசியரின் தாளில் இருந்தது அப்படியே வந்தது. காலை ஏழு மணி, மகர லக்னம், அதன் ஏழாவது துண்டு, அதாவது சப்தாம்சத்திலும் மகரமே லக்னம். அதிலிருந்து ஐந்தாவது ரிஷபம். ரிஷபத்தில் சனியும் கேதுவும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

இனி அந்த ஏழு மணியை ஆட்டிப் பார்க்க வேண்டும். அம்மா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஏழு மணிக்குப் பிறந்தாள் என்று யார் சொன்னது, கடிகாரம் பார்த்தது யார் என்று கேட்டேன்.

கடிகாரமா, லைன் வீட்டிலா என்று அம்மா சிரித்தாள். காப்பிப் பழம் பறிக்கிற சீசன், ஆட்களெல்லாம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், குழந்தை வெளியே வந்து அழுததும் எஸ்டேட்டில் வேலை மணி அடித்ததும் ஒன்றாக இருந்தது, அதனால் ஏழு. அந்த மணி என்பது ஆபீஸ் முன்னால் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. காவலாளி இரும்பால் அதை அடிப்பார். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். எனக்கே நினைவிருக்கிறது.

அப்போது சரியாக ஏழு மணியா என்று சும்மாதான் கேட்டேன்.

"அது எங்க சாமி ஏழுக்கு அடிச்சாங்க? ஆபீஸ் கடியாரத்தையே அரை மணி முந்தி வெச்சிருப்பாங்க. அப்பத்தான் மேட்டு லைன் ஆளுங்க நேரத்துக்கு வந்து நிப்பாங்கன்னு. பெரியதொரை காலத்துல இருந்து அப்பிடித்தான்."

"அப்பறம் ஜாதகம் எழுதறவருகிட்ட ஏம்மா ஏழுன்னு சொன்னே?"

"மணி என்னன்னு கேட்டாரு, ஏழுன்னு சொன்னேன். எங்களுக்கு அதுதான ஏழு."

மிளகை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மா திட்டியது பின்னால் கேட்டது. அரை மணி என்றால் கிட்டத்தட்ட இரண்டு துண்டு. யோசித்துப் பாருங்கள், அந்த எஸ்டேட்டில் காலையில் பிறந்த அத்தனை பேருடைய ஜாதகமும், கூலிக்காரர்களைச் சீக்கிரம் எழுப்ப ஒரு துரை செய்த தந்திரத்தின் மேல் நிற்கிறது. அதை வைத்துத்தான் பொருத்தம் பார்த்தார்கள், செவ்வாய் தோஷம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள், சாந்தி செய்தார்கள். கிரகங்கள் எஸ்டேட் மணிக்குக் கட்டுப்பட்டு, பெயர் கொடுத்து, வேலைக்கு நின்றிருக்கின்றன.

ஆறரை என்று மாற்றித் தட்டினேன். கிரகங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. சப்தாம்ச லக்னம் மட்டும் இரண்டு துண்டு பின்னால், மகரத்திலிருந்து விருச்சிகத்துக்குப் போயிற்று. அதனால் வீடுகளின் எண்கள் நகர்ந்தன. சனியும் கேதுவும் ஐந்தாம் வீட்டைக் காலி செய்துவிட்டு ஏழாம் வீட்டுக்காரர்கள் ஆனார்கள். புதிய ஐந்தாம் வீடு மீனம். அங்கே குரு, சொந்த வீட்டில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வீட்டில் இருந்தார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாதத்தை வரிசையாகக் கட்டி வைத்திருந்தேன். நேரம் தப்பு, ஆகவே கட்டம் தப்பு, ஆகவே தீர்ப்பு தப்பு, ஆகவே மாமா வருகிற வாரம் சேலம் போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதினால் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

அத்தை மணி விஷயத்தை உடனே ஒப்புக்கொண்டார். அவரும் அதே எஸ்டேட்டில் பழம் பறித்தவர்தான். "அது பொய் மணியாச்சே. அந்த மணிய நம்பி எத்தன நாளு அரவயித்துக் கஞ்சியோட ஓடியிருக்கறோம்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த ஜோரில் அடுத்ததையும் சொன்னேன், டெஸ்ட் என்று. மாமா எழுந்து சட்டையைத் தேடினார்.

"கண்ணாலமாகாத புள்ள பேசற பேச்சா கண்ணு இது?" என்றார் அத்தை. பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது கெடக்குது. செரியான நேரத்துக்குக் கட்டம் என்ன சொல்லுது, அதச் சொல்லு."

இங்கேதான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ராப்பகல் உட்கார்ந்து கணக்குப் போட்டவளிடம் விடையைக் கேட்டால் அவள் சொல்லாமல் இருப்பாளா? "அஞ்சாமிடம் மீனமுங்க, குரு ஆட்சியா இருக்காரு" என்றேன். அந்த வாக்கியத்திலிருந்து ஒரு குழந்தையும் உருவாகப் போவதில்லை.

அத்தை கையைக் கழுவிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் போய் விளக்கேற்றினார். மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு, சேலத்துக்கு அல்ல, எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒண்டிக்கடைக்கு வேனைக் கிளப்பினார். ஞாயிற்றுக்கிழமை ஜோசியர் கடை திறந்திருக்குமா என்ற சந்தேகம்கூட அவர்களுக்கு இல்லை. திறந்துதான் இருந்தது.

ஜோசியர் புது நேரத்தைத் தட்டினார், பிரிண்டர் இருமியது, தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். போன தடவையே தனக்கு ஒரு சந்தேகம் இருந்ததாகவும், முகத்தில் புத்திர களை தெரிகிறதே கட்டத்தில் இல்லையே என்று ராத்திரியெல்லாம் யோசித்ததாகவும் சொன்னார். போன தடவை இந்த மனுஷர் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. குழந்தை உறுதி, குரு பெயர்ச்சி ஒன்று தாண்டட்டும், அடுத்த வருஷத் திருவிழாவுக்குள் நல்ல சேதி என்றார். நேரத்தைக் கண்டுபிடித்த அம்மிணிக்கு நல்ல புத்தி என்று என்னையும் ஆசீர்வதித்தார்.

அன்றைக்கு மாமா முதன்முறையாக அந்த மாடிக்கு ஏறி வந்திருந்தார். இறங்கும்போது என்னிடம், "பாத்தியா புள்ள, கொற இல்லீன்னு ஆயிப்போச்சுல்ல. இனி ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றார். அத்தனை சந்தோஷமாக, அத்தனை நிம்மதியாக ஒரு ஆண் சிரித்து நான் பார்த்ததில்லை. பரீட்சை ரத்து என்று நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்த பையனின் சிரிப்பு அது. கட்டம் கெட்டதென்றால் ஆஸ்பத்திரி போய் என்ன பிரயோஜனம், கட்டம் நல்லதென்றால் ஆஸ்பத்திரி போக என்ன அவசியம். இப்படி இரண்டு பக்கமும் கதவு வைத்த வீட்டில் ஆளை எப்படிப் பிடிப்பது?

ஓமலூர்ப் பெண் பேச்சு நின்றது, அது உண்மை. அத்தை அக்காவுக்குப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் அம்மா அதிலேயே உருகிப்போய், என்னவோ உன் படிப்பு உங்கக்காவுக்கு உதவிச்சே சாமி என்றாள். எனக்கு அதைக் கேட்க அருவருப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குள் வரவில்லை. என்னைக் கூப்பிட்டுக்கொண்டு காப்பித் தோட்டத்துப் பாதையில் நடந்தாள். முதல் மழைக்குப் பூத்த காப்பிப் பூ, மல்லிகை மாதிரி வாசம். நான் ஜோசியரைத் திட்டினேன், அத்தையைத் திட்டினேன், மாமாவைக் கொஞ்சம் நாகரிகமாகத் திட்டினேன். அவள் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"நீ கணக்குச் செரியாத்தான் போட்ட கண்ணு" என்றாள். "முன்னயெல்லாம் பழி சனி மேல இருந்துச்சு. நான் பாவம்னு ரெண்டு பேராச்சும் சொன்னாங்க. இப்ப குரு நல்லா இருக்காராம். அடுத்த வருசக் கோயில் நொம்பிக்குள்ள பொறக்குலீன்னா, குருவே குடுத்தும் பெக்காதவன்னு என்னத்தான சொல்லுவாங்க?"

ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்தோம் என்றாவது நினைத்திருந்தேன். டாக்டர் தாமதிக்காதீர்கள் என்று சொன்ன வயசில் ஒரு வருஷத்தைப் பறித்துக் கொடுத்திருக்கிறோம். அக்கா மேலே சொன்னாள், மாமா கெட்டவர் இல்லை, பயந்தவர், பயந்தவரிடம் நியாயம் பேசினால் இன்னும் தூரமாக ஓடுவார், அவர் அம்மா சொன்னால் செய்வார், அம்மா ஜோசியர் சொன்னால் செய்வார். ஆக, சேலம் போகிற பாதை அந்த மாடிப்படி வழியாகத்தான் போகிறது.

எனக்கு முதலில் கசந்தது. அந்த ஆளிடம் போய் நிற்பதா என்று கேட்டேன். நிக்கறது நீயில்ல, ஆறு வருசமா நான் நின்னாச்சு என்றாள்.

திரும்பவும் புத்தகத்துக்குள் விழுந்தேன். இந்தத் தடவை தேடியது வேறு. கிடைத்தது. பிள்ளைப் பேறு பார்க்கும்போது மனைவி ஜாதகத்தில் நிலத்தின் பலம் என்று ஒரு கணக்கும், கணவன் ஜாதகத்தில் விதையின் பலம் என்று ஒரு கணக்கும் போட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பலன் சொல்லக் கூடாது என்று அச்சில் இருந்தது. நான் கேலி செய்த அதே புத்தகத்தில், மூன்று பக்கம் தள்ளி. அத்தனை பழைய ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது, விதை என்று ஒன்று இருக்கிறதென்று. ஒண்டிக்கடைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தனியாகப் போனேன். ஜோசியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பிரித்து வைத்து, இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன என்றார். தெரிந்தால் எங்கள் மாமா ஜாதகத்தை ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை இல்லாத ஒரு சாதாரண மனுஷக் குரலில் சொன்னார்.

"ஏனுங்க அம்மிணி, இங்க வர்றது பொம்பளைங்க, கொண்டாரது பொம்பள ஜாதகம். ஊட்டுக்காரரு ஜாதகத்தையும் கொண்டாங்கன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, அடுத்த வாரம் மாரமங்கலத்து ஜோசியருகிட்டப் போயிருவாங்க."

"எத்தன வருசமாங்க ஒருத்தருமே கொண்டாரல?"

"கார் வாங்கறதுக்கு நாளு பாக்கக் கொண்டாருவாங்க" என்றார்.

இத்தனை வருஷம், இத்தனை பெண்கள், பாதிக் கணக்கை மட்டும் போட்டு முழு விடை சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கும் தெரியும், அந்தப் பெண்களைக் கூட்டிவந்த வீட்டாருக்கும் தெரியும். ஆனால் சண்டை போட மாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். டெஸ்டுக்கு டாக்டர் சொன்ன நிபந்தனைகளைச் சொன்னேன். மூன்று நாள் ஆணும் பெண்ணும் விலகி இருக்க வேண்டும், அந்த நாட்களில் குடி கூடாது, நாலாம் நாள் காலையில் குளித்து, சுத்தமாகக் கிளம்பி, சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே அது விரதம் மாதிரிதான் கேட்டது. கண்ணாலமாகாத புள்ள பேசுகிற பேச்சுத்தான். ஜோசியர்தான் கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பரிகாரமுங்களா இது?"

"டாக்டரு சொன்னா டெஸ்டுங்க. நீங்க சொன்னாப் பரிகாரமுங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கட்டத்தில் இல்லாததை மட்டும் சொல்ல மாட்டாராம். திடீரென்று எங்கிருந்து வந்ததோ இந்த சத்தியம். ஜாதகத்தைக் கொண்டு வாங்க, விதைக் கணக்கைப் போடுகிறேன், கொஞ்சமாவது பலம் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்துத் தருகிறேன், குறையே இல்லையென்றால் குரு பலத்தை உறுதி செய்துகொள்ள ஒரு தடவை டாக்டரையும் பார்த்துவிடுவது சாஸ்திரத்துக்கு விரோதமில்லை என்று அத்தையிடம் சொல்கிறேன் என்றார். இரண்டு பக்கமும் கதவு வைத்த வீடு கட்ட அவருக்கும் தெரிகிறது. இந்தத் தடவை இரண்டு கதவும் சேலம் பக்கம் திறக்கின்றன, அவ்வளவுதான்.

மாமா ஜாதகம் அத்தையின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. கேட்டால் எதற்கு என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் மாமா வேன் கழுவப் போய்விடுவார். அதனால் கேட்பதாக இல்லை. வெள்ளிக்கிழமை அத்தை கோயிலுக்குப் போகிற நேரத்தில் அக்கா பீரோவைத் துடைக்கப் போகிறாள். நான் போனில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஒண்டிக்கடை போக வேண்டும். ஜோசியர் நாள் குறித்தால், மாமாவின் வேனில் அல்ல, பஸ்ஸில்தான் கீழே இறங்குவோம். வேன் என்றால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஏதாவது ரிப்பேர் ஆகிவிடும். அத்தையும் வரட்டும் என்று அக்கா சொல்கிறாள். அவர் பக்கத்து சீட்டில் இருந்தால் மாமா பாதியில் இறங்க மாட்டாராம். நான் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போன் போட்டு, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், அவர்கள் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு, என்று கேட்டு வைக்கப் போகிறேன்.